மாலையில் கேபினுக்கு ஆள் வராத கப்பலில் டிக்கெட் போடலாமா?

#1 குமரன்_குரோம்பேட்டை

அடுத்த ஜூனில் அலாஸ்கா. சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்கும் 7 இரவுப் பயணம். தங்கை வீடு அந்தப் பக்கம் இருப்பதால் அங்கே போய்விட்டு அப்படியே கப்பல் ஏறுவதாகத் திட்டம். நான், மனைவி, 9 வயது மகள், 70 தாண்டிய அம்மா. நாலு பேருக்கும் ஒரே பால்கனி கேபின்.

இரண்டு கம்பெனிகளில் விலை கேட்டு வைத்திருக்கிறேன். ஒன்றில் அறைச் சுத்தம் ஒரு நாளைக்கு ஒரு முறைதான், அதுவும் காலையில். இன்னொன்றில் சாயங்காலமும் ஆள் வந்து படுக்கையைத் தயார் செய்து, துண்டு மாற்றி, திரைச்சீலையை இழுத்துவிட்டுப் போவாராம். டர்ன்டவுன் சர்வீஸ், டர்ன்டவுன் சர்வீஸ் என்று டிராவல் ஏஜென்ட் சொல்வதைக் கேட்டால் கப்பலே அதற்காகத்தான் ஓடுகிறது என்று தோன்றும். நாலு பேருக்கும் சேர்த்து விலை வித்தியாசம் சுமார் 900 டாலர். மற்றபடி போகிற ஊர்கள் ஒன்றேதான்: கெட்சிகன், ஜூனோ, ஸ்காக்வே, கடைசியில் விக்டோரியா.

"லீவுல போயும் நான்தான் போர்வை உதறணுமா?" என்கிறாள் மனைவி. "நம்ம படுக்கையை நாம விரிச்சா கை தேஞ்சா போயிடும்?" என்கிறார் அம்மா. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள், இதற்காக அந்தக் காசு கொடுக்கலாமா?

#2 நைட்ஷிப்ட்

தலையணை மேல் வைக்கிற சாக்லேட் ஒன்று 900 டாலரா? அம்மா சொல்வதைக் கேளுங்கள் சார். பனிப்பாறை பார்க்கப் போகிறவர் போர்வை மடிப்பைப் பற்றி ஏன் கவலைப்படுகிறீர்கள்?

#3 கடலோடி_சிங்கை

நைட்ஷிப்ட் சொல்கிற அளவுக்குச் சின்ன விஷயமும் இல்லை, ஏஜென்ட் சொல்கிற அளவுக்குப் பெரிய விஷயமும் இல்லை. மாலையில் ஸ்டூவர்ட், அதாவது கேபினைப் பார்த்துக்கொள்கிற ஊழியர், உள்ளே வந்து என்னதான் செய்வார் என்று பார்த்தால் உங்களுக்கு எது தேவை என்று தெரிந்துவிடும்.

நீங்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் போயிருக்கும் சமயத்தில் வருவார். மேல்விரிப்பை எடுத்து வைத்துவிட்டுப் போர்வையின் ஒரு மூலையை மடித்துவிடுவார். ஈரத் துண்டுகளை எடுத்துப் புதியவை போடுவார். குப்பைத் தொட்டி, குளியலறைத் தரை, ஐஸ் வாளி எல்லாம் பார்ப்பார். திரையை மூடி, ஒரு விளக்கை மட்டும் எரியவிட்டு, மறுநாள் நிகழ்ச்சித் தாளையும் சாக்லேட்டையும் கட்டில் மேல் வைப்பார். கூடவே துண்டில் செய்த குரங்கோ யானையோ உட்கார்ந்திருக்கும்.

இதில் பாதி தானாகவே போய்விட்டது. நிகழ்ச்சி நிரல் இப்போது போனில் வருகிறது. மேல்விரிப்பையே நிறையக் கப்பல்களில் எடுத்துவிட்டார்கள், வெறும் வெள்ளைப் பஞ்சுப் போர்வைதான். அதில் மடிக்க என்ன இருக்கிறது?

யார் நிறுத்தினார்கள் என்று கேட்டால், நார்வீஜியன் கப்பல் கம்பெனி 2023 தொடக்கத்தில் சாதாரண கேபின்களுக்கு ஒரு வேளை ஆக்கியது. ராயல் கரீபியனும் அதே ஆண்டு அப்படியே செய்தது; அங்கே சூட் எனப்படும் பெரிய சொகுசு அறைகளுக்கு மட்டும் இரண்டு வேளை. கார்னிவலில் காலையா மாலையா என்று உங்களையே கேட்பார்கள். டிஸ்னி, கியூனார்ட், வைக்கிங், சீபோர்ன் மாதிரி இடங்களில் மாலைச் சுற்று இன்னும் உண்டு. இதெல்லாம் அடிக்கடி மாறுகிற சங்கதி. உங்கள் கப்பலில் உங்கள் கேபின் வகைக்கு என்ன என்று புக் செய்கிற அன்றைக்கே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

என் கருத்து: சிங்கப்பூரிலிருந்து கிளம்புகிற 3 இரவு, 4 இரவுப் பயணங்களில் இது இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. மனிதர்கள் அறைக்குள் வருவதே தூங்கத்தான். 7 இரவு, அதுவும் நாலு பேர் ஒரே கேபின் என்றால் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும்.

#4 ஸ்கார்பரோ_அக்கா

குமரன் தம்பி, நாலு பேர் ஒரு கேபின் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை யாரும் கவனிக்கவில்லை போல.

நாலு பேர் கேபினில் இரண்டு பேருக்குத்தான் நிரந்தரக் கட்டில். மூன்றாவது ஆளுக்கு சோபாவை இழுத்துக் கட்டிலாக்க வேண்டும். நாலாவது ஆளுக்கு கூரையில் இருந்தோ சுவரில் இருந்தோ இறக்குகிற மேல் கட்டில். புல்மேன் என்று சொல்லுவார்கள். அதைத் திறக்கச் சாவி ஸ்டூவர்ட்டிடம்தான் இருக்கும், ஏணியையும் அவர்தான் பூட்டிவிடுவார். முந்தி பின்னேரம் அவர் வந்து எல்லாவற்றையும் இறக்கி விரித்துவிட்டுப் போவார், காலமை திருப்பி மடித்து வைப்பார். பகல் முழுக்க அறைக்குள் நடக்க இடம் இருக்கும்.

ஒரு வேளைக் கப்பலில் நாங்கள் போனபோது அந்தக் கட்டில்கள் 7 நாளும் விரித்தபடியே கிடந்தன. சோபா கட்டிலைச் சுற்றிக்கொண்டுதான் பால்கனிக் கதவுக்குப் போகலாம். மகன் ஒவ்வொரு தரமும் மேல் கட்டில் விளிம்பில் தலையை இடித்துக்கொண்டான். எங்கள் அம்மாவுக்கு முழங்கால் ஏலாது, அந்த ஒடுக்கத்துக்குள் குளியலறைக்குப் போய்வர நல்லாகக் கஷ்டப்பட்டுவிட்டார். சொக்லேட் எனக்குத் தேவையில்லை. கட்டிலை மடித்து வைக்க ஒரு ஆள் இருந்திருந்தால் போதும்.

இன்னொன்று, அம்மாவுக்கு இன்சுலின் இருந்தால் கவனம். கேபினில் இருக்கிற சின்னப் பெட்டி பல கப்பல்களில் சரியான குளிர்சாதனப் பெட்டி இல்லை, சும்மா குளுமையாக வைத்திருக்கும், அவ்வளவுதான். மருந்துக்கென்று குளிர்சாதனப் பெட்டி முற்கூட்டியே கேட்டால் தருவார்கள். பின்னேரம் வந்து ஐஸ் நிரப்புவார்கள் என்று நம்பியிருக்க வேண்டாம்.

#5 கணக்குப்பிள்ளை

எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். நார்வீஜியன் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022 வரை சாதாரண கேபினில் ஒருவருக்கு ஒரு நாள் சேவைக் கட்டணம் 16 டாலர். 2023 ஜனவரி 1 முதல் 20 டாலர். அதே சமயத்தில்தான் அறைச் சேவையை இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைத்தார்கள். குமரன் குடும்பத்துக்கு இதைப் போட்டுப் பார்த்தால் 4 பேர், 7 நாள், 20 டாலர்: மொத்தம் 560. பழைய கணக்கில் 448. பாதி வேலைக்கு 112 டாலர் கூட.

விலைவாசி ஏறிவிட்டது, கொரோனாவில் ஒரு வருஷத்துக்கு மேல் கப்பல்கள் சும்மா நின்றன, கடன் தலைக்கு மேல் இருக்கிறது, எல்லாம் சரி. அப்படியென்றால் டிக்கெட் விலையை ஏற்று. சேவைக் கட்டணம் என்று பெயர் வைத்து ஏற்றிவிட்டு, சேவையைக் குறைக்காதே. மளிகைக் கடையில் பாக்கெட் விலை அப்படியே இருக்க பிஸ்கட் மட்டும் குறைவது மாதிரிகூட இல்லை இது. விலையும் ஏறி பிஸ்கட்டும் குறைகிறது.

#6 நைட்ஷிப்ட்

கணக்குப்பிள்ளை சார், அந்த 20 டாலர் ஸ்டூவர்ட் ஒருத்தருக்கு மட்டும் போகிறதா என்ன? சாப்பாட்டு மேசை ஆள், திரைக்குப் பின்னால் சலவைக்கூடத்தில் இருப்பவர் என்று பலருக்குப் பிரிகிற பணம் அது. அறைக்கு எத்தனை தடவை வந்தார் என்று எண்ணிக் கூலி கொடுக்க முடியாது.

#7 கணக்குப்பிள்ளை

பிரியட்டும். எத்தனை பேருக்குப் பிரிந்தாலும் எனக்குக் கிடைப்பது குறைந்திருக்கிறது, நான் கொடுப்பது கூடியிருக்கிறது. அதைத்தான் சொன்னேன்.

#8 முத்துநகர்_ஸ்டூவர்ட்

இந்த வேலையையே பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம், இப்போது ஊரில்தான் இருக்கிறேன்.

உங்களுக்கு மாலைச் சுற்று ஒரு அலங்காரம். எங்களுக்கு அது நாளின் இரண்டாவது பாதி. காலை 7 மணி வாக்கில் வண்டியைத் தள்ள ஆரம்பித்தால் மதியம் 2 ஆகும். சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணை மூடினால் 5:30-க்கு மறுபடி வண்டி. முடியும்போது இரவு 9:30, சில நாள் 10. கடல் தொழிலாளர் ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கிறது. 2006-ல் போட்டது, 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது, இந்தியா 2015-ல் ஏற்றுக்கொண்டது. அதன் ஓய்வுக் கணக்குப்படி 24 மணி நேரத்தில் 10 மணி நேரமாவது ஓய்வு இருக்க வேண்டும், 7 நாளில் 77 மணி நேரம். அந்த 10 மணி நேரத்தை இரண்டு துண்டுக்கு மேல் உடைக்கக் கூடாது, அதில் ஒரு துண்டு 6 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. மதியத் தூக்கம் ஒரு துண்டு, இரவுத் தூக்கம் ஒரு துண்டு. மாலைச் சுற்று இருந்த காலத்தில் எங்கள் வாழ்க்கை முழுக்க இந்த இரண்டு துண்டுக்குள்தான் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஒப்பந்தம் முடிகிற வரைக்கும் தினமும் இதுதான்.

இன்னொரு விஷயம் பயணிகளுக்குத் தெரியாது. மாலைச் சுற்று ஒழுங்காக நடந்ததற்குக் காரணம் சாப்பாட்டுப் பந்தி. முதல் பந்தி 5:30, இரண்டாம் பந்தி 8 மணி வாக்கில். எந்தக் கேபின் எந்தப் பந்தி என்று தாளில் குறித்து வைத்திருப்போம். முதல் பந்தி ஆட்கள் கிளம்பியதும் அவர்கள் அறைகள், அவர்கள் திரும்புவதற்குள் அடுத்த வரிசை. யாரையும் தொந்தரவு செய்யாமல், பார்க்காமல்கூட வேலை முடியும். நார்வீஜியன் 2000-ல் ஃப்ரீஸ்டைல் என்று, நினைத்த நேரத்தில் நினைத்த இடத்தில் சாப்பிடலாம் என்று கொண்டுவந்தது. அப்புறம் மற்றவர்களும் ஏதோ ஒரு பெயரில் அதையே செய்தார்கள். பயணிகளுக்குச் சௌகரியம்தான். எங்களுக்கு யார் எப்போது உள்ளே இருப்பார், எப்போது வெளியே போவார் என்று தெரியாமல் போனது. கதவைத் தட்டு, ஆள் இருந்தால் மன்னிப்புக் கேள், அரை மணி கழித்து மறுபடி வா. ஒரே தாழ்வாரத்தில் எத்தனை நடை என்று கேட்காதீர்கள்.

அதனால் மாலைச் சுற்றை எடுத்ததும் ஸ்டூவர்ட்களுக்கு ஓய்வு கிடைத்தது என்று நினைப்பீர்கள். நான் இருந்த இடத்தில் அப்படி நடக்கவில்லை. கூட இருந்த உதவியாளரை எடுத்தார்கள், தலைக்கு இத்தனை கேபின் என்ற எண்ணிக்கையைக் கூட்டினார்கள். அதே மணி நேரம், அறை அதிகம். முன்பு ஒரு அறையில் இரண்டு முறையாகச் செய்ததை இப்போது ஒரே முறையில் ஓட்டமாக ஓடிச் செய்ய வேண்டும். அதனால்தான் பகல் 2 மணிக்கும் உங்கள் அறை சுத்தமாகாமல் கிடக்கிறது.

#9 கடலோடி_சிங்கை

அண்ணாச்சி எழுதியதைப் படித்ததும் ஒரு கணக்குப் போட்டேன். ஐகான் ஆஃப் த சீஸ் கப்பலில் 2,805 கேபின். மாலையில் ஒரு கேபினுக்கு 10 நிமிடம் என்று வைத்தாலும் 28,050 நிமிடம், அதாவது 467 மணி நேரத்துக்கு மேல். ஒரே மாலையில்! சூட்களைக் கழித்தாலும் பெரிய எண்தான். கம்பெனி இதை எதற்காக நிறுத்தியது என்று புரிந்துகொள்ள இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

#10 பசுமை_வேலன்

சுற்றுச்சூழலையும் பார்க்க வேண்டும் அல்லவா? இரண்டு வேளை துண்டு மாற்றினால் இரண்டு மடங்கு சலவை, தண்ணீர், சோப்பு. கப்பல் தனக்கு வேண்டிய நன்னீரில் பெரும்பகுதியைக் கடல்நீரிலிருந்து தானே எடுக்கிறது, அதற்கு எரிபொருள் செலவாகிறது. குறைத்தது நல்லது என்பேன்.

#11 ஸ்கார்பரோ_அக்கா

துவாயைக் கொழுவியில் தொங்கவிட்டால் மாற்ற மாட்டார்கள், தரையில் போட்டால்தான் மாற்றுவார்கள். அந்த வழக்கம் பின்னேரச் சேவை இருந்த காலத்திலேயே இருந்தது. கட்டில் விரிப்பையும் தினமும் ஒருவரும் மாற்றுவதில்லை. பின்னேரம் வந்தவர் செய்தது பெரும்பாலும் கைவேலை. கைவேலைக்கு என்ன தண்ணீர் செலவு? மிச்சம் பிடித்தது சம்பளத்தில்தான்.

#12 பசுமை_வேலன்

ஐஸும் சாக்லேட் உறையும்? சரி சரி, விடுங்கள். பெரிய மிச்சம் இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

#13 தனிமை_விரும்பி

நான் எதிர்க்கட்சி. மாலையில் ஆள் வருவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. கைக்குழந்தை வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். 7 மணிக்குத் தாலாட்டிப் படுக்கவைத்து மூச்சு விடும்போது கதவில் டொக் டொக். 'தொந்தரவு செய்யாதீர்கள்' அட்டையைத் தொங்கவிட்டால் நாள் முழுவதும் வராமல் போய்விடுவார்கள். பகலில் சுற்றிவிட்டு வந்து குளித்து, நைட்டியோடு பால்கனியில் கால் நீட்டி உட்காருகிற நேரம் அது. அந்த நேரத்தில் என் அறைக்குள் இன்னொருவர் நடமாடுவதில் என்ன சொகுசு?

காலையில் ஒரு முறை பளிச்சென்று செய்துவிட்டுப் போனால் போதும். என் பொருளெல்லாம் வைத்த இடத்தில் இருக்கும்.

#14 முத்துநகர்_ஸ்டூவர்ட்

நியாயம். முதல் நாள் ஸ்டூவர்ட் வந்து தன்னை அறிமுகப்படுத்துவார். அப்போதே 'மாலை வேண்டாம், துண்டு கேட்டால் மட்டும் போதும்' என்று சொல்லிவிட்டால் அவருக்கும் சந்தோஷம். நிறையப் பேர் அதைச் சொல்லாமல் அட்டையை மட்டும் தொங்கவிடுவார்கள். நாங்கள் நாலு தடவை வந்து பார்த்துவிட்டுப் போவோம்.

#15 மூக்குக்_கேபின்

யாரும் சொல்லாத ஒன்று. கப்பலின் முன்பக்கம் பார்த்த கேபின் எடுத்தவர்களுக்கு மாலையில் திரையை மூடுவது வெறும் அலங்காரம் இல்லை, அது விதி. மாலுமிகள் நிற்கிற பிரிட்ஜ் அந்தப் பக்கம்தான் இருக்கும். இரவில் அங்கே விளக்கை அணைத்து இருட்டில்தான் கடலைப் பார்ப்பார்கள். கீழே ஒரு கேபினில் விளக்கு பளீரென்று எரிந்தால் அந்த வெளிச்சம் அவர்கள் கண்ணைக் கெடுத்துவிடும். அதனால் பொழுது சாய்ந்ததும் திரையை மூடுங்கள் என்று அறையிலேயே எழுதி வைத்திருப்பார்கள். முன்பெல்லாம் ஸ்டூவர்ட் வந்து மூடிவிட்டுப் போவார். மாலைச் சுற்று இல்லாத ஒரு கப்பலில் நாங்கள் திரை திறந்தபடி, விளக்கு எரிந்தபடி சாப்பிடப் போய்விட்டோம். போன் வந்து, ஆள் வந்து, பாவம் அவர் மூச்சிரைக்க நின்றார்.

குமரனுக்கு பால்கனி என்பதால் இது பொருந்தாது. ஆனால் அலாஸ்காவில் திரை வேறு காரணத்துக்காக முக்கியம். ஜூன் மாதம் ஜூனோவில் சூரியன் மறைவதே இரவு 10 மணிக்கு. வெளிச்சம் முழுசாகப் போகாது, அதிகாலை 4 மணிக்கு மறுபடி உதயம். 9 வயதுப் பிள்ளையை 'இது ராத்திரி, தூங்கு' என்று நம்பவைக்க முடியாது. திரையின் நடுவில் வெளிச்சம் வருகிற இடுக்கை மூட இரண்டு துணிக் கிளிப் எடுத்துப் போங்கள்.

#16 குமரன்_குரோம்பேட்டை

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. கட்டில் விஷயம் என் தலையில் ஏறவே இல்லை. ஏஜென்ட்டும் சொல்லவில்லை. அம்மா சோபாவில், மகள் மேல் கட்டிலில் என்றுதான் கணக்கு வைத்திருந்தேன்.

அண்ணாச்சிக்கு இரண்டு கேள்வி. ஒன்று, ஒரு வேளைக் கப்பலில் 'காலையில் வேண்டாம், மாலையில் வந்து கட்டிலை விரித்துக் கொடுங்கள்' என்று கேட்டால் தவறாக நினைப்பார்களா? இரண்டாவது மகளுடைய கேள்வி: ஒரு வேளைக் கப்பலில் துண்டு யானை வருமா, வராதா? அவளுக்கு அலாஸ்காவைவிட அதுதான் முக்கியம்.

#17 முத்துநகர்_ஸ்டூவர்ட்

கேட்பதில் தவறே இல்லை. மாலையில் ஆள் வைத்திருக்கிற கப்பலில்தான் அது நடக்கும். கார்னிவல் மாதிரி வேளையைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிற இடத்தில் மாலை என்று சொல்லிவிடலாம். காலை மட்டும் என்று கம்பெனி முடிவு செய்த கப்பலில் ஸ்டூவர்ட்டுக்கு மாலையில் அந்த நேரம் வேலையே ஒதுக்கியிருக்க மாட்டார்கள். 'ஐயோ பாவம் கிழவி' என்று அவர் தன் ஓய்வு நேரத்தில் வந்து விரித்துக் கொடுப்பார். அவர் கொடுப்பார் என்பதற்காக நீங்கள் கேட்க வேண்டாம் என்பது என் விருப்பம்.

யானைக்கு வருவோம். சில கப்பல்களில் தினமும், சிலவற்றில் பயணத்தில் ஒன்றோ இரண்டோ, சிலவற்றில் கிடையவே கிடையாது. துண்டு விலங்குகளுக்குப் பெயர் போனது கார்னிவல். மடிப்பதற்கான புத்தகமே கப்பலில் விற்பார்கள். ஆனால் நீங்களே செய்துகொடுக்கலாம், சொல்லித் தருகிறேன்.

பெரிய குளியல் துண்டு ஒன்று. கட்டில் மேல் நீளவாக்கில் விரியுங்கள். இரண்டு குறுகிய பக்கத்தையும் நடுவை நோக்கி இறுக்கமாகச் சுருட்டுங்கள், இரண்டு சுருளும் நடுவில் ஒன்றையொன்று தொட வேண்டும். அப்படியே குறுக்கே பாதியாக மடித்து நிமிர்த்தி வைத்தால் நாலு காலும் தரையில் ஊன்றி உடம்பு நிற்கும். சுருள் தளர்வாக இருந்தால் யானை முட்டி போட்டுவிடும், இறுக்கத்தில்தான் எல்லாம். அடுத்து கைத்துண்டு. ஒரு நீளப் பக்கத்தின் நடுவை விரலால் அழுத்திக்கொண்டு இரண்டு ஓரத்தையும் அந்தப் புள்ளியை நோக்கி உட்பக்கமாகச் சாய்வாகச் சுருட்டினால் ஒரு கூம்பு வரும். கூர்முனை தும்பிக்கை. அதை லேசாக மேலே வளைத்து, அகலமான முனையில் மேல் மடிப்பை மட்டும் பின்னால் இழுத்தால் நெற்றியும் காதும் கிடைக்கும். அதை உடம்பின் மேல் கவிழ்த்து வையுங்கள். கடைசியில் பயணியின் கூலிங் கிளாஸை எடுத்து மாட்டிவிடுவோம். அதற்குத்தான் பிள்ளைகள் சிரிக்கும்.

பழகிய கைக்கு இரண்டு நிமிடம். 15 கேபினுக்கு அரை மணி. அந்த அரை மணியை யாரும் எங்களுக்குக் கணக்கில் வைத்துத் தரவில்லை. ஆனாலும் செய்தோம், ஏனென்றால் கடைசி நாள் கையில் கொடுக்கிற ரொக்கம் அந்த யானையைப் பார்த்துத்தான் வந்தது. பளபளவென்று தேய்த்த குளியலறையை யாரும் போட்டோ எடுத்ததில்லை.

#18 கணக்குப்பிள்ளை

இந்த இடத்தில் எனக்கு ஒரு கேள்வி அண்ணாச்சி. மாலைச் சுற்று போனதும் அந்த ரொக்கமும் குறைந்துதானே இருக்கும்?

#19 முத்துநகர்_ஸ்டூவர்ட்

ஆமாம். மாலையில்தான் ஆட்களை நேரில் பார்ப்போம். உடம்பு எப்படி, இன்றைக்கு எந்த ஊர் பார்த்தீர்கள் என்று நாலு வார்த்தை. காலையில் எல்லோரும் ஊர் பார்க்க ஓடிக்கொண்டிருப்பார்கள், முகமே தெரியாது. முகம் தெரியாதவருக்கு யார் கவரில் போட்டுக் கொடுப்பார்கள்? தானாகப் பிடிக்கிற சேவைக் கட்டணம் வந்தது, இது போனது.

பணம் தவிர இன்னொன்றும் உண்டு. தனியாக வருகிற வயதானவர்களை நாளில் இரண்டு தடவை ஒருவர் எட்டிப் பார்த்தார் என்பது சின்ன விஷயமில்லை. காலையில் வைத்த பழத்தட்டு சாயங்காலமும் தொடாமல் இருந்தால், கட்டிலிலிருந்து எழவே இல்லை என்றால் எங்களுக்குத் தெரிந்துவிடும். கடல் நோயா, வயிற்றுப்போக்கா என்று கேட்டு மருத்துவ அறைக்குச் சொல்வோம். வயிற்றுப்போக்கைக் கப்பல் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாது. அமெரிக்கத் துறைமுகத்துக்கு வருகிற கப்பலில் 3 சதவீதம் பயணிகளோ ஊழியர்களோ அந்த நோய் என்று சொல்லிவிட்டால் அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி அந்தக் கப்பலின் பெயரைப் பொதுவில் போட்டுவிடும். எங்களிடம் மறைக்கிற பயணிகள் நிறைய, அறைக்குள்ளேயே இருக்கச் சொல்வார்கள் என்ற பயம். குப்பைத் தொட்டி மறைக்காது.

#20 தனிமை_விரும்பி

இதைக் கேட்டபின் என் அப்பா தனியாகப் போவதாக இருந்தால் இரண்டு வேளைக் கப்பலில்தான் அனுப்புவேன். எனக்கு மட்டும் ஒரு வேளை.

#21 சூட்_சுந்தரம்

எல்லாக் குழப்பத்துக்கும் ஒரே தீர்வு சூட். இரண்டு வேளை, தனி உணவகம், வரிசையில் நிற்க வேண்டாம்.

#22 நைட்ஷிப்ட்

900 டாலருக்கு யோசிக்கிறவரிடம் சூட் எடுக்கச் சொல்கிறாரே, இவரை யாராவது கேளுங்களேன்.

#23 குமரன்_குரோம்பேட்டை

முடிவு எடுத்தாயிற்று. ஒரு வேளைக் கப்பலையே எடுத்துக்கொண்டு, மிச்சமாகிற 900-உடன் இன்னும் கொஞ்சம் போட்டு இரண்டு கேபின் ஆக்கிவிட்டோம். எங்களுக்கு பால்கனி, தாழ்வாரத்தின் எதிர்ப்பக்கம் அம்மாவுக்கும் மகளுக்கும் ஜன்னல் இல்லாத உள்கேபின். இரண்டிலும் நிரந்தரக் கட்டில்தான், மேலே ஏறவும் வேண்டாம், சோபாவை இழுக்கவும் வேண்டாம். உள்கேபினில் இரவு 10 மணி சூரியன் எட்டிப் பார்க்காது என்று மூக்குக்_கேபின் எழுதியதிலிருந்துதான் யோசனை வந்தது. பகலில் எல்லோரும் பால்கனி அறையில் உட்காரலாம்.

மனைவிக்கு முழுத் திருப்தி இல்லை. போர்வை மடிப்பதை நான் செய்வதாக ஒப்பந்தம். கணக்குப்பிள்ளை சார், சேவைக் கட்டணம் தலைக்கு என்பதால் இரண்டு கேபின் ஆனாலும் அதே தொகைதான், விசாரித்துவிட்டேன்.

#24 ஸ்கார்பரோ_அக்கா

நல்ல முடிவு தம்பி. உள்கேபின் கும்மிருட்டாக இருக்கும், கையை நீட்டினால் கை தெரியாது. அம்மா இரவில் எழும்பினால் தடுமாறுவார். பிளக்கில் செருகுகிற சின்ன இரவு விளக்கு ஒன்று கொண்டுபோங்கள். அமெரிக்கப் பிளக் இருக்கும், பார்த்து வாங்குங்கள்.

#25 முத்துநகர்_ஸ்டூவர்ட்

அதோடு குளியலறை வாசலையும் அம்மாவிடம் முதல் நாளே காட்டிவிடுங்கள். தண்ணீர் வெளியே வராமல் இருக்க வாசற்படி கொஞ்சம் உயரமாக இருக்கும், வீட்டுக் குளியலறை நினைப்பில் கால் வைத்தால் தட்டும். படி உயரம் முடியாது என்றால், வாசற்படி இல்லாத குளியலறையோடு மாற்றுத்திறனாளிகளுக்கான கேபின்கள் உண்டு. அவை குறைவு, உண்மையாகத் தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும்தான். அம்மாவுக்கு நடக்க எவ்வளவு சிரமம்?

#26 குமரன்_குரோம்பேட்டை

படி ஏறுவார், கைப்பிடி மட்டும் வேண்டும். குளியலறையில் கைப்பிடி இருக்குமா?

#27 முத்துநகர்_ஸ்டூவர்ட்

ஷவர் பக்கம் இருக்கும், கதவுப் பக்கமும் பெரும்பாலும் இருக்கும். கப்பல் ஆடும்போது எல்லோருக்கும் வேண்டுமே. ரப்பர் செருப்பு ஒன்று எடுத்துவரச் சொல்லுங்கள்.